சொட்டு மாஸ்டரின் இரண்டு தட்டு மீன்கள்

காஞ்சிபுரத்தின் அத்தனை கிணறுகளோடும் சண்டை போட்ட ஒரே மனிதர் எங்கள் சொட்டு மாஸ்டர். "இதெல்லாம் தண்ணியாபா? கல்லைக் கரைச்சு வெச்சுக்கினு கிணறுன்றானுங்க" என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நான் எழுத்தர். அவர் சாயப்பட்டறை மாஸ்டர். தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்துத்தான் சாயம் காய்ச்சுவார். உப்புத் தண்ணீரில் ஊறினால் பட்டு விறைத்துப்போகும் என்பதால் சங்கத்தில் அந்த நாக்குக்குத் தனி மரியாதை. வெளியில் அதே நாக்கால்தான் ஊர்ப்பகை. ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "பிள்ளையார்பாளையம் கிணறு" என்று உரக்கத் தீர்ப்புச் சொன்னார். சமையல்காரர் கரண்டியோடு வந்துவிட்டார். சங்கத்துக்குப் பால் ஊற்றியவரிடம், "நேத்து வரைக்கும் கோயில் குளத்துத் தண்ணி ஊத்திக்கினு இருந்தே, இன்னிக்கு ஏம்பா மாத்திட்டே?" என்று அன்பாக விசாரித்தார். பால்காரர் அப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. ஒரு மாதம் கடுங்காப்பி குடித்தோம்.

இப்படிப்பட்டவருக்கு மீன் ஆசை பிடித்தது. அதுவும் சாதா மீன் இல்லை, டிஸ்கஸ் என்ற வெளிநாட்டு மீன். சாப்பாட்டுத் தட்டைச் செங்குத்தாக நிறுத்திக் கண் வைத்தது போல இருக்கும். உப்பில்லாத தண்ணீர்தான் அதற்கு ஒத்துக்கொள்ளும். சென்னையிலிருந்து வாங்கி வந்த முதல் நாலும் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. மறுநாள் "குடும்பத்தில் நான்கு மரணம்" என்று விடுப்புக் கடிதம் அனுப்பினார். சங்கத் தலைவர் பதறியடித்து மாலையோடு துக்கம் கேட்கப் போய், வாளியில் செத்துக் கிடந்த மீன்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்தக் கோபம் தலைவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

அடுத்த இரண்டு மீன்களுக்காகத் தாமல் ஏரியிலிருந்து சைக்கிளில் தகர டின்னில் தண்ணீர் சுமந்தார். ஏரித் தண்ணீரையும் சட்டென்று ஊற்றமாட்டார். மேலே ஒரு குடம், கீழே மீன் இருக்கும் அண்டா. குடத்திலிருந்து முறுக்கிய பட்டிழை ஒன்று தொங்கும். அதன் வழியாகப் புதுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். அவருக்குப் பெயர் வந்த கதை இதுதான். மீன்கள் பிழைத்தன. ஜோடியும் சேர்ந்தன. முட்டையிடும் என்று மனிதர் பிரசவ வார்டு வாசலில் நிற்பவர் போல அலைந்தார்.

அப்போதுதான் தலைவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, மாஸ்டரின் மீனை அதில் விட வேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டார்.

"தாமல் தண்ணி ரொப்பிடலாங்க" என்று மாஸ்டர் கெஞ்சினார்.

"எங்க வூட்டுக் கிணத்துத் தண்ணி குடிச்சு நாங்க செத்தா பூட்டோம்?"

வேறு வழியில்லை. காலையில் தலைவர் வீட்டுப் பின்கட்டில் அண்டாவில் மீன்களை வைத்து, மேலே அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்க் குடத்தை ஏற்றி, இழையைத் தொங்கவிட்டார். பட்டறையில் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. "சாயங்காலம் வரிக்கும் கை வைக்காதே. கொஞ்சம் கொஞ்சமாப் பழகிக்கும். உன்னை நம்பி வுட்டுட்டுப் போறேம்பா" என்று, விசேஷ வேலைக்கு வந்திருந்த என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வருவதாக இருந்த சம்பந்திகள் பதினொரு மணிக்கே வந்துவிட்டார்கள். தலைவர் பின்கட்டுக்கு ஓடி வந்தார். "யோவ், அவங்க வாசல்ல நிக்கிறாங்க, தொட்டியில வெறும் கிணத்துத் தண்ணிதான் கீது! மீனுக்கு என்னய்யா நலங்கா வெக்கிறே? எடுத்துப் போடு!"

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. எடுத்துப் போட்டேன். அதோடு நின்றிருந்தால்கூட மனிதனாகியிருப்பேன். எல்லாம் சொட்டி முடிந்தது போலத் தெரிய வேண்டும் என்று குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அண்டாவில் கவிழ்த்து வைத்தேன்.

சம்பந்திகள் கைதட்டினார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டும் கறுத்து, ஒருக்களித்து, அடியில் கிடந்தன. "நிச்சயத்தன்னிக்கு அபசகுனம்!" என்று தலைவர் குதித்தார்.

மாஸ்டர் வந்தார். தொட்டியைப் பார்த்தார். பின்கட்டுக்குப் போய் அந்த இழையை எடுத்து விரலால் நீவினார். சாயங்காலம் வரை உப்புத் தண்ணீர் ஓடியிருந்தால் இழை விறைத்திருக்க வேண்டும். அது மெத்தென்று இருந்தது. என்னை ஒரு தரம் பார்த்தார். இழையைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தலைவரிடம் போய், "என் தப்புதாங்க. இழை தடிமனாப் பூடுச்சு, தண்ணி வேகமா எறங்கிடுச்சு" என்றார்.



மறுவாரம் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த உத்தரவை எழுதியவன் நான். பிழையில்லாமல், வரி கோணாமல் எழுதினேன். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். ஓய்வு பெறும்வரை அந்தச் சம்பளத்தைத்தான் சாப்பிட்டேன்.

உத்தரவை வாங்க வந்தவர் என் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

"உப்பு ஏறிக்கினே போவுது. கொதிக்க வெச்சுக் குடிபா, உடம்பைக் கெடுத்துக்காதே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

இன்றுவரை கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறேன்.