நூற்றெட்டாம் நம்பர் வேப்பமரம்

கும்மிடிப்பூண்டி,
ஆனி 24.

மரியாதைக்குரிய மச்சான் வீரராகவன் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் பரசுராமன் வணங்கி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் குப்பம்மாளும் உயிரோடு இருக்கிறோம். செவ்வாப்பேட்டையில் உங்கள் சர்க்கரையும் அக்காவின் முழங்கால் வலியும் அடங்கியிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். எந்த ஆண்டவனை என்று கேட்காதீர்கள், இப்போது வழக்கே அதுதான்.

நம் மேட்டுக்காடு மூன்று ஏக்கரை வெட்டாமல் வைத்திருந்தால் வருஷா வருஷம் பணம் தருவதாக ஒரு அமைப்பு வந்ததும் நான் கையெழுத்துப் போட்டதும் உங்களுக்குத் தெரியும். தொழிற்பேட்டையில் புகை விடுகிறவர்கள் விட்டுக்கொண்டே இருப்பார்கள், அதற்குப் பரிகாரமாக என் மரங்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். கண்காணிக்கிற அதிகாரி துளசிராமன் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார். மரத்துக்கெல்லாம் சிவப்புப் பெயின்டில் நம்பர் போட்டு, டேப் வைத்துச் சுற்றளவு எடுப்பார். மேலேயிருந்து செயற்கைக்கோள் வேறு படம் பிடிக்கிறது. ஊர்க்காரர்களோ ஆட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு என்று ஒடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கிளைக்கும் துளசிராமன் என்னைத்தான் முறைத்தார். காவலுக்கு ஆள் போட வக்கில்லாமல் நான் ஒரு யோசனை செய்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் மச்சான். கிரைண்டர் வந்த பிறகு சும்மா கிடந்த ஆட்டுக்கல் குழவியைக் கொண்டுபோய் ஒரு வேப்பமரத்தடியில் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றிவிட்டேன்.

இரண்டு மாதம் ஒருவனும் கை வைக்கவில்லை. பிறகு பயந்தவர்கள் கும்பிட ஆரம்பித்தார்கள். அந்த மரத்தின் நம்பர் நூற்றெட்டு. துளசிராமன் எழுதியதை ஆத்தாவே எழுதினாள் என்றார்கள். எலுமிச்சம்பழம் வந்தது, கிளையெல்லாம் பிள்ளைவரத் தொட்டில் தொங்கியது, முன்னாள் வார்டு மெம்பர் குப்புராஜ் தலைமையில் கமிட்டியும் வந்துவிட்டது. ஆத்தாவுக்கு நிழல் வேண்டும் என்று பதினோரு மரத்தை வெட்டித் தகரக் கொட்டகை போட்டார்கள். செயற்கைக்கோளுக்கு அந்தத் தகரம்தான் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் கொட்டகையை எடுக்காவிட்டால் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவோம் என்று கடிதம் வந்திருக்கிறது. நீக்கிவிட்டால் கமிட்டி அங்கே கல்யாண மண்டபம் கட்டும், மிச்ச மரமும் போய்விடும். அவற்றை நான் நம்பர் சொல்லிக் கூப்பிட்டே பழகிவிட்டேன் மச்சான், பதினொன்று போன இடத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

குப்புராஜிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "இன்னா நைனா, ஆத்தா எடத்துக்கே பட்டா காட்டுறியா?" என்று மட்டும் கேட்டார். சரி, ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னால், இருபது வருஷம் அதே குழவியில் இட்லிக்கு மாவாட்டின உங்கள் தங்கை, "நீங்க வெச்ச கல்லுன்னா இன்னா? அவ வந்து குந்திக்கினா இல்ல?" என்கிறாள். அன்று முதல் எனக்குச் சோறு மட்டும்தான் கிடைக்கிறது, பேச்சு கிடையாது.

ஆகையால் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். வருகிற புதன்கிழமை துளசிராமன் மேலதிகாரியோடு வருகிறார். அந்த ஆட்டுக்கல்லைக் கல்யாணச் சீராக வாங்கி வண்டியில் ஏற்றி அனுப்பியவர் நீங்கள். ஊரறிய வந்து, இது நான் வாங்கிக் கொடுத்த குழவிதான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களை விட்டால் எனக்குச் சாட்சி இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
பரசுராமன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் நேற்று ராத்திரி பொன்னேரியிலிருந்து நம் மகள் காயத்ரி போன் செய்தாள். ஏழு வருஷமாக அவள் பார்க்காத டாக்டர் இல்லை, ஏறாத படி இல்லை. இப்போது இரண்டு மாதமாம். குப்பம்மாள் பங்குனியிலேயே எனக்குத் தெரியாமல் நூற்றெட்டில் ஒரு தொட்டில் கட்டியிருக்கிறாள். நான் அழுதுவிட்டேன் மச்சான். புதன்கிழமை நீங்கள் வர வேண்டாம். ஆடி முதல் வெள்ளி பொங்கல் வைக்கிறோம், ஆத்தாவுக்கு ஒரு மஞ்சள் புடவையோடு வந்து சேருங்கள், ஆட்டுக்கல் பேச்சை எடுக்காதீர்கள். பொங்கலுக்கு விறகு போதாது என்றார்கள். நூற்றொன்பதாம் நம்பரை இன்று காலை நானே வெட்டினேன்.