எனக்கும் வரி பிடிங்க மேடம்

அடுத்தவன் வருமானத்தைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். அடுத்தவன் வருமானத்தில் வெட்டு விழுந்ததைப் பார்த்து வயிறெரிந்தவன், எனக்குத் தெரிந்து, நான் மட்டும்தான்.

எட்டாம் வகுப்புப் பாதியில் வீட்டை விட்டுக் கிளம்பினேன். திருப்பூரில் பனியன் மடித்தேன், சூரத்தில் முறுக்குப் பிழிந்தேன், இரண்டு ஊரிலும் டைஃபாய்டு வந்து பிழைத்தேன். கடைசியில் ஒரகடத்தில் பழைய குட்டி யானை ஒன்றை வாங்கி ஓட்டினேன். (சாமான் ஏற்றுகிற வண்டிதான். நிஜ யானை என்றால் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும்.)

அறையில் கூட இருந்தவன் முருகேசன், தூத்துக்குடிக்காரன். வீட்டு ஓனர் தர்மராஜ், கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மகள் ஜெபாவைக் கட்டிக்கொள்வது என் லட்சியம். முருகேசனுக்கும் அதே லட்சியம் என்பது என் சந்தேகம். (அவன் தலை சீவுகிற விதமே சரியில்லை.)

வல்லக்கோட்டை போகிற வழியில் மூடிக் கிடந்த ஒரு ஷெட்டில், டிவிக்காக ஒரு கம்பெனி சமையல் போட்டி நிகழ்ச்சி எடுத்தது. கைதட்ட ஆள் வேண்டும். ஷிஃப்ட் முடிந்த ஹாஸ்டல் பையன்களைத் திரட்டிக் கொடுக்கிற கான்ட்ராக்ட் முருகேசனுக்கு. லைட்டும் அடுப்பும் ஏற்ற நான்கு குட்டி யானைகள். அதில் ஒன்று என்னுடையது.

வேலை முடிந்ததும் முருகேசனுக்கு பேங்கில் பணம் வந்தது, டிடிஎஸ் ஒரு பர்சன்ட் போக. அதாவது, பணம் கொடுப்பவர்களே வரியைப் பிடித்து அவன் பெயரில் அரசாங்கத்துக்குக் கட்டிவிடுவார்கள். புலம்பிக்கொண்டே தர்மராஜிடம் போனான்.

"அட, இதுக்கா அழுவுற? வரி பிடிக்கிற அளவுக்கு ஆளாயிட்டப்பா நீ! எம்மா ஜெபா, தம்பிக்கு டீ போடு."

டீ வந்தது. கூட பிஸ்கட்டும் வந்தது. குடிவந்த நாள் முதல் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்தது தண்ணீர்தான், அதுவும் நானே கேட்டு. அன்றைக்கு என் வயிற்றில் எரிந்த நெருப்பில் அந்தச் சமையல் போட்டியையே நடத்தி முடித்திருக்கலாம்.

மறுநாள் காலையில் டிவி நிகழ்ச்சிக் கம்பெனியின் அக்கவுண்டன்ட் அம்மாவிடம் போய் நின்றேன்.

"எனக்கும் வரி பிடிங்க மேடம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களது ஒன்பதாயிரம்தான் அண்ணே. சின்னத் தொகைக்குப் பிடிக்க மாட்டோம். முழுசா வாங்கிட்டுப் போங்க."

அவமானமாகப் போய்விட்டது. "அப்ப நாலு வண்டிக் காசையும் என் பேர்ல ஒரே பில்லாப் போடுங்க. நான்தான் கான்ட்ராக்டர். அவங்களுக்கு நான் குடுத்துக்குறேன்."

"பான் கார்டு இருக்கா?"

"இல்ல."

"இல்லாட்டி இருபது பர்சன்ட் போயிடும் அண்ணே. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

முருகேசனுக்கு ஒன்று. எனக்கு இருபது! "தாராளமாப் பிடிங்க மேடம்."

பணம் வந்த அன்று சாயங்காலம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தர்மராஜ் வீட்டு வாசலில் போய் நின்றேன். முருகேசன் அங்கே உட்கார்ந்திருந்தது கூடுதல் வசதி. செல்போனை நீட்டினேன். "இவனுக்கு ஒரு பர்சன்ட்தான் சார். எனக்கு இருபது!"

தர்மராஜ் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "ஏம்பா, உன்கிட்ட பான் கார்டு கெடயாதா? அது இல்லாதவனுக்குத்தான்யா இருபது. இது பெருமை இல்ல, தண்டனை!"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. ஜெபாதான். "எல, ஒனக்குக் கிறுக்கா?" என்றான் முருகேசன்.

அந்த நேரம் பார்த்து மற்ற வண்டிக்காரர்கள் மூன்று பேரும் வந்தார்கள். முன்னால் நின்றவன் பெயர் டில்லி. "இன்னா மாமே, எங்க துட்டு எங்க? நீ கவர்மென்ட்டுக்கு மொய் எழுதுனா அது உன் பாடு. எங்களுக்கு முழுசா வந்தாவணும்."

கொடுத்தேன். நான்கு வண்டிக்கும் சேர்த்து வெட்டியது முழுக்க என் பங்கில் விழுந்தது. ஒன்பதாயிரத்தில் மிஞ்சியது ஆயிரத்து எண்ணூறு. அந்த மாதம் பகலில் மட்டும் சாப்பிட்டேன். அது எனக்குப் பழக்கம்தான். அந்தச் சிரிப்புதான் பழக்கமில்லை.

இரண்டு நாள் கழித்து ஜெபாவே வந்து, என்னை வாலாஜாபாத் அழைத்துப்போய் பான் கார்டுக்கு விண்ணப்பம் போட வைத்தாள். பிறகு வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தபோது தர்மராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "போயும் போயும் இவனையா?"

"இவர தனியா வுட்டா ஊரே வெட்டிடும்பா. நான் ஒருத்தியே வெட்டிக்கிறேன்."

முருகேசன் கணக்குத் தாக்கல் செய்து, பிடித்த வரியைத் திரும்ப வாங்கிவிட்டான். அந்தப் பணத்தில் எங்கள் கல்யாணத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தான். பாவி, இன்றுவரை ஒரு நிமிஷம்கூடத் தப்பாமல் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு. ஜெபா என் தட்டில் ஐந்து துண்டு வைத்து, ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்வாள். "டிடிஎஸ்" என்று பிள்ளைகள் கத்தும். முருகேசன் விருந்துக்கு வந்தால் அவன் தட்டில் கை வைப்பதில்லை.

"அண்ணன்கிட்டதான் பான் கார்டு கீதே" என்பாள்.

என்னிடமும் இருக்கிறது. பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டுவதற்குள் அந்தத் துண்டு எலும்பாகிவிடும்.