மணிக்கூட்டு மிஸி சொல்லிக்கொடுத்த பதில்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் என்னைப் பார்த்து "வாயைப் பொத்துங்கோ" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் என்னிடம் கும்பிடு வாங்குகிற ஆள் ஒருவர்தான். நான் லேசுப்பட்டவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, குருநகர்க் கரையில் மீன்பெட்டி சுமந்து, கடைசியில் அந்தக் கரைக்கே ஐஸ் கொடுக்கிற கொம்பனி வைத்தவன். என்னைக் கண்டால் பொலிஸ்காரரே மோட்டார் சைக்கிளை ஓரமாக்குவார்கள். அப்படிப்பட்ட என்னை அடக்கிய அந்த ஆளின் உயரம் நாலேமுக்கால் அடி. பெயர் தெரியாது. ஊருக்கு அவர் மணிக்கூட்டு மிஸி.

யாழ்ப்பாண நகரத்தில் குழந்தைப்பேற்று வைத்தியம் பார்க்கும் சின்னக் கிளினிக் ஒன்றில் அவர் தாதி. இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டியிருப்பார். மேசையில் அலாரம் வைத்த ஒன்று. சுவரில் இன்னும் இரண்டு.

"ஒண்டு நிண்டால் மற்றது ஓடும்" என்பார்.

"எல்லாம் நிண்டால்?" என்று ஒருநாள் பகிடியாய்க் கேட்டேன்.

"நான் நிண்டால்தான் அண்ணை அதுகள் நிக்கும்."

அவரிடம் நான் போய் விழுந்த கதை இதுதான். என் ஒரே மகன் ரமணனுக்கும் மருமகள் சுகந்திக்கும் கல்யாணமாகி ஆறு வருசம், குழந்தை இல்லை. சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டிலே சுகந்திக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. விரதம் அவளுக்கு, நேர்த்தி அவளுக்கு, கசாயம் அவளுக்கு. என் தங்கச்சி ஒருபடி மேலே போய், நெல்லியடியில் ஒரு பெட்டையைப் பார்த்தே வைத்துவிட்டாள். சுகந்தியை அவளுடைய தாய் வீட்டுக்கு, புத்தூருக்கு அனுப்பிவிட்டு ரமணனுக்கு மறுகல்யாணம் என்பது அவள் திட்டம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்கு முதல் கடைசியாக ஒருமுறை காட்டிப் பார்ப்போமென்று கிளினிக்குக்குப் போனோம். சுகந்தி, என் மனுசி, தங்கச்சி, நான். வாசலிலேயே மிஸி மறித்தார்.

"ஆம்பிளை எங்கை?"

"நான் நிக்கிறன்தானே" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"நீங்களோ புருசன்?"

"மகன் ஐஸ் கொம்பனியில நிக்கிறான். வேலை கூடிப்போச்சு."

"அப்ப இந்தப் பிள்ளை தனியவோ பெறப்போறா? போங்கோ, போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. மாமிமார் ரெண்டு பேரும் அங்கால மரத்துக்குக் கீழ இருக்கலாம்."

என் தங்கச்சி வாயைத் திறந்தாள். மிஸி மணிக்கூட்டைப் பார்த்தார். தங்கச்சி மரத்துக்குக் கீழே போய்விட்டாள். நாற்பது வருசமாய் என்னால் முடியாத காரியம் அது!

முதல் சோதனை ரமணனுக்குத்தான். விந்தைப் பரிசோதிக்க வேண்டும், கிளினிக்கிலேயே எடுத்துத் தரலாம் என்றார்கள். பெடியனுக்கு வெட்கம். வீட்டிலிருந்து கொண்டுவாறன் என்று போத்தலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். ஒரு மணித்தியாலத்துக்குள் வரவேண்டும் என்று மிஸி மூன்று தரம் சொல்லி அனுப்பினார். ஆனால் நான் யார்? ஐஸ்காரன். கெட்டுப்போகிற சாமானை எப்படிக் கொண்டுபோவதென்று எனக்கா சொல்லித்தர வேண்டும்? மறுநாள் காலையில் மகனின் கையிலிருந்து போத்தலைப் பறித்து, மீன் அடைக்கிற வெள்ளை றெஜிபோம் பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, நடுவிலே வைத்து மூடி, லொறியிலே நானே பறந்தேன். அரை மணித்தியாலத்தில் மிஸியின் மேசையில் பெட்டி.

திறந்து பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"என்ன அண்ணை, பாரை மீனே?"

"பழுதாகக்கூடாதெண்டு..."

"வாயைப் பொத்துங்கோ. உதெல்லாம் குளிரில விறைச்சுப் போச்சு. உடம்புச் சூட்டிலதான் கொண்டு வரவேணும். சட்டைக்குள்ள, உடம்போட அணைச்சு. விளங்குதோ?"

ஆறு சோடிகள் இருந்த வரிசை குலுங்கிச் சிரித்தது. அன்றுதான் முதல்முறையாக நான் ஐஸ்காரன் என்று சொல்ல வெட்கப்பட்டேன். இரண்டு மூன்று நாள் விட்டு, ரமணன் தானே போத்தலைச் சட்டைக்குள் வைத்து, சித்திரைச் சேவல்போல நிமிர்ந்து கொண்டு போனான்.

முடிவைக் கேட்க நான் போனேன். மிஸி ஃபைலை மூடிவிட்டார்.

"இது உங்கடை மகன்ரை உடம்பு. அவரைக் கேளுங்கோ."

"நான் அவன்ரை தகப்பன்!"

"தகப்பன்தானே, அவர் இல்லையே."

இரண்டு நாள் கழித்து ரமணனே கொம்பனிக்குள் வந்து, இயந்திரச் சத்தத்துக்கு மேலாகச் சொன்னான். எண்ணிக்கை குறைவு, ஓட்டமும் குறைவு. ஒரு சோதனையை வைத்துத் தீர்மானிக்கக்கூடாதென்று மிஸி சொன்னாவாம்; சிகரெட்டை விட்டுவிட்டு மூன்று மாதத்தால் திரும்பச் செய்தார்கள். அதே முடிவு. சுகந்தியின் சோதனைகளில் ஒரு பிழையும் இல்லை. ஆறு வருசக் கசாயம் குடித்தவளுக்கு ஒன்றுமேயில்லை!

"ஆம்பிளையிலும் இருக்கும், பொம்பிளையிலும் இருக்கும், ரெண்டு பேரிலும் இருக்கும். சில வேளை ஒருத்தரிலும் ஒண்டும் பிடிபடாது. அதுக்காக ஆரும் கெட்ட ஆக்கள் இல்லை" என்றார் மிஸி. பிறகுதான் அவருடைய பெரிய வைத்தியம் தொடங்கியது. மருந்தில்லை, நாடகம்!

அவரிடம் வருகிற ஒவ்வொரு புருசனும் ஊருக்குச் சொல்லும் பதிலைப் பழக வேண்டும். ரமணன் சம்மதிக்க என்னையும் உள்ளே கூப்பிட்டார். துவாய்த் துண்டொன்றைத் தலையில் போட்டு, வெற்றிலை போட்ட வாய்போலக் கன்னத்தை உப்பி, எங்கள் ஊர்ச் சனத்தின் குரலிலே தொடங்கினார்:

"என்ன தம்பி, இன்னும் ஒண்டும் இல்லையோ? பெட்டைக்கு என்ன குறையாம்?"

ரமணன் நிலத்தைப் பார்த்தான். "வைத்தியம்... எனக்குத்தான்..."

"செவிடு மாமிக்குக் கேக்கேல்லை!"

"வைத்தியம் எனக்குத்தான் மாமி. அவவை விடுங்கோ."

"இன்னும் சத்தமா!"

நான்காம் முறை அவன் கத்தியது வீதிவரைக்கும் கேட்டிருக்கும். வெளியே இருந்தவர்கள் கைதட்டினார்கள். பிறகு துவாய் என் பக்கம் திரும்பியது. "இப்ப நீங்கள் சொல்லுங்கோ அண்ணை."

"நான் ஏன்?"

"கதை புறப்படுறது உங்கடை வீட்டாலதானே?"

"எங்கடை பக்கம்தான்" என்று சொன்னேன். புயலடித்த கரையில் வேர்க்காதவனுக்கு அன்று மின்விசிறிக்குக் கீழே வேர்த்தது.

முதலில் விந்தைக் கழுவி, நல்லதைப் பிரித்து, முட்டை வெளியே வருகிற நேரம் பார்த்துக் கருப்பைக்குள் விட்டார்கள். இரண்டு தரம் சரிவரவில்லை. அடுத்தது கொழும்பு. முட்டைகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விந்தணுவை ஊசியால் ஏற்றி, கண்ணாடிக் கிண்ணத்தில் கருவாக்குவது. எல்லோருக்கும் இது வேண்டியதில்லை, செய்தாலும் எல்லோருக்கும் தங்காது என்று மிஸி ஒளிக்காமல் சொன்னார். முட்டை வளரச் சுகந்திக்கு ஊசி போட்ட நாட்களெல்லாம் காலை ஆறு மணிக்கு அவருடைய ஃபோன் அடிக்கும். "பிள்ளை, ஊசி?" அவ்வளவுதான். எங்கள் சேவல் அதற்குப் பிறகுதான் கூவும்.

கரு உண்டானதும் ஒன்றைச் சுகந்தியின் கருப்பைக்குள் வைத்து, மிச்சம் இரண்டை உறையவைத்திருப்பதாகச் சொன்னார்கள். எந்தளவு குளிரில் என்று கேட்டேன். மிஸி சொன்ன கணக்கைக் கேட்டுத் தலை சுற்றியது. அதற்குப் பக்கத்தில் என் கொம்பனி ஐஸ் கொதிதண்ணீர்! அந்தக் குளிரிலே ஒரு உயிர் வருசக்கணக்காகக் காத்திருக்குமாம். ஆயுளெல்லாம் குளிரை விற்ற எனக்கு, குளிர் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டு கிழமை, பதினாலு நாள் கழித்து இரத்தச் சோதனை. கரு தங்கவில்லை.

சுகந்தி அழவில்லை. அறைக்குள் போய் உடுப்பைப் பயணப் பாக்கில் அடுக்கினாள். "மாமா, நான் புத்தூருக்குப் போறன். நீங்கள் அவருக்கு வேறை பாருங்கோ" என்றாள். குறையொன்றுமில்லாத பிள்ளை அப்படிச் சொல்கிறது! செய்தி மணந்து என் தங்கச்சியும் வந்துவிட்டாள்.

"நான் அப்பவே சொன்னனான் அண்ணை. நெல்லியடிப் பிள்ளை இன்னும் இருக்குது. இவளுக்கு என்ன வைச்சாலும் தங்காது."

ரமணன் எழும்பினான். துவாயுமில்லை, கைதட்டுமில்லை. "வைத்தியம் எனக்குத்தான் மாமி. அவவை விடுங்கோ" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஓமடி தங்கச்சி, எங்கடை பக்கம்தான். ஆறு வருசமா நாங்கள்தான் அந்தப் பிள்ளையைப் பிழையாச் சொன்னது" என்றேன். தங்கச்சி தேத்தண்ணி குடிக்காமலே போனாள்.

ஆனாலும் அறைக்குள் பாக்கின் ஸிப் இழுபடுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் வாசல் படலையடியில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஒரு நோயாளி வீட்டுக்கும் போகாத மிஸி! அடுத்த திகதி சொல்லத்தான் வந்தாரென்று நான் கலண்டரைத் தேடினேன். அவர் என்னைத் தாண்டி அறைக்குள் போனார்.

"பிள்ளை, சாப்பிட்டனீரோ?"

அதற்குத்தான் சுகந்தி அழுதாள். காலையிலிருந்து அந்த வீட்டில் நாலு பேர் நின்றோம், ஒருவரும் அதைக் கேட்கவில்லை. மிஸி குசினிக்குள் தானே போய், புட்டையும் மீன்குழம்பையும் ஒரு தட்டில் போட்டு வந்து, கட்டிலில் பக்கத்திலே இருக்க, இரண்டு பேருமாய்ச் சாப்பிட்டார்கள்.

"திரும்பச் செய்யிறதெண்டாலும் செய்யலாம். இவ்வளவும் காணும், விடுவமெண்டாலும் விடலாம். நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ. மற்ற ஆக்களுக்கு அதில வேலை இல்லை." கடைசி வரி கதவடியில் நின்ற எனக்கு.

பாக் திரும்ப அலுமாரிக்கு மேலே போனது. வருகிற மாதம் உறையவைத்த கருவுக்காக அவர்கள் கொழும்புக்குப் போகிறார்கள், தாங்களாக எடுத்த முடிவு. என்ன நடக்குமோ தெரியாது. சுகந்தி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், அது தெரியும்.

அன்று மிஸி புறப்பட, யாருக்கும் எழும்பாத நான் ஓடிப்போய்ப் படலையைத் திறந்துவிட்டேன். ஸ்கூட்டர் ஒழுங்கைத் தெருமுனையில் திரும்பி மறைந்தது. உச்சி வெயில், காலில் செருப்புமில்லை. உள்ளே போக மனமில்லாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.