மூன்றாம் மாடிக் கூட்டம்

நூலகத்தைத் தெருவின் எதிர்ப்பக்கத்துப் புதுக் கட்டடத்துக்கு மாற்ற இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. அதுவரை ஒரு புத்தகம்கூட நகரவில்லை. மூன்றாம் மாடி அறையில் திட்ட மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் வாரக் கடைசியில் பழைய கட்டடத்தை இடிக்க ஆள் வருகிறது. அதற்குள் முடியாவிட்டால் மேலாளருக்கு எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிளைக்கு மாற்றல் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி துணி மடிப்பதைக்கூட நிறுத்தவில்லை.

"இது நாலாவது மாத்தல். பொண்ணு இப்பதான் இந்த ஸ்கூல்ல ரெண்டு ஃப்ரெண்டு பிடிச்சிருக்கா. இந்தத் தடவை நீங்க மட்டும் போங்க."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது சமாதானம் செய்திருக்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், வேலை மூன்று பிரிவுகளுடையது. மூன்று தலைவர்களும் ஆளுக்கொரு மேலாண்மை முறையைப் படித்துத் தொலைத்திருந்தார்கள். பொறியாளர் வாட்டர்ஃபால் ஆள். ஒரு கட்டம் முடிந்து கையெழுத்தாகாமல் அடுத்த கட்டத்தை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார். கணினிப் பிரிவுத் தலைவி ஸ்க்ரம். எந்த வேலையும் இரண்டிரண்டு வாரச் சுற்றாகத்தான் நடக்கும். தினமும் காலையில் நின்றுகொண்டே ஒரு கூட்டம். நூலகர் கான்பான். வேலைகளை மஞ்சள் சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டுவார். ஒரே சமயத்தில் மூன்று சீட்டுக்கு மேல் கையில் எடுக்க மாட்டார்.

புத்தகம் எத்தனை என்று தெரிந்தால்தான் புது அலமாரிக்குக் கையெழுத்து என்றார் பொறியாளர். பட்டியல் இந்தச் சுற்றில் 'ச' வரைதான், மீதி அடுத்தடுத்த சுற்றுகளில் என்றார் தலைவி. அலமாரி வராமல் என் மூன்று சீட்டும் நகராது என்றார் நூலகர். மூவர் சொல்வதும் நியாயம். கொடுமையே அதுதான்.

தேநீர் கொண்டுவந்த அட்டெண்டர் அக்கா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், பழைய அலமாரியோட அப்படியே தள்ளிட்டுப் போயிடலாமே? கீழ நாங்க பதினாறு பேர் சும்மாதானே உக்காந்திருக்கோம்."

மேலாளர் நல்ல மனிதர், யார் யோசனையையும் தட்டிக் கழிக்க மாட்டார். அதை ஒரு சீட்டில் எழுதி, நூலகரின் பலகையில் 'பரிசீலனைக்கு' என்ற பத்தியில் ஒட்டினார். அக்கா சீட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

அன்று மாலை மேலாளருக்கு வழி பிறந்தது. எந்த முறையையும் விட வேண்டாம். மூன்றையும் சேர்த்துவிடலாம்!

முதலில் எல்லாருக்கும் பொதுவாகக் காலைக் கூட்டம் வைத்தார். பதினைந்து நிமிடம், நின்றுகொண்டு. பொறியாளருக்கு முழங்கால் வலி என்பதால் ஒரு நாற்காலி போட்டார்கள். ஒருவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கூட்டம் சாப்பாட்டு வேளை வரை நீண்டது. பேசியதற்கெல்லாம் கையெழுத்து வாங்க மாலை வரை ஆனது.

பிறகு பொதுப் பலகை. நூலகரின் நான்கு பத்திகளோடு கையெழுத்துகளுக்குப் பத்தி, சுற்றுகளுக்குப் பத்தி என்று சேர்ந்து பத்தொன்பது ஆயிற்று. பலகை போதாமல் சீட்டுகள் சுவருக்கு வந்தன. சுவரும் போதாமல் தெருப்பக்க ஜன்னல்களை மறைத்தன. பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு பேசினார்கள். கீழ் மாடிகளில் தூசி என்று பின்பக்க இரும்புப் படியேறி நேரே இந்த அறைக்கு வந்து, அப்படியே இறங்கி வீட்டுக்குப் போனார்கள்.

பலகையில் இல்லாத வேலை வேலையே அல்ல என்று நூலகர் அடம்பிடித்ததால் கூட்டத்துக்கும் சீட்டு எழுதினார்கள். கூட்டம் நடத்துவதற்கு ஒன்று, குறிப்பு எழுதுவதற்கு ஒன்று, குறிப்புக்கு ஒப்புதல் வாங்குவதற்கு ஒன்று. ஆக மூன்று. இவற்றில் ஒன்று நகராமல் புத்தகச் சீட்டு எதையும் தொட விதி இடம் தரவில்லை. நகர்ந்தால் மறுநாள் கூட்டத்தின் சீட்டு தயாராக நின்றது.

மூன்றாவது வாரம் கீழே ஒரே சத்தம். தள்ளுவண்டிகள் கடகடவென்று உருண்டன. 'எத்தனை சீட்டு எடுக்கலாம்' என்ற முக்கியமான விவாதமே காதில் விழவில்லை. மேலாளர் கடுப்பாகி ஒரு சுற்றறிக்கை எழுதி உள் படிக்கட்டில் ஒட்டினார்: கூட்டம் நடக்கிறது, அமைதி காக்கவும், மூன்றாம் மாடிக்கு யாரும் வர வேண்டாம்.

ஒரு வாரத்தில் சத்தம் அடியோடு நின்றது. அந்தத் திட்டத்திலேயே அவர் சொல்லி நடந்த ஒரே காரியம் அதுதான் என்பதால் வீட்டில் பெருமையாகச் சொன்னார்.

"சத்தம் நின்னுச்சு, சரி. புத்தகம் போச்சா?" என்றார் மனைவி.

கூடவே தேநீரும் நின்றுபோனது. அக்காவுக்குக் கோபம் போலிருக்கிறது என்று எண்ணி ஆளுக்கொரு பிளாஸ்க் கொண்டுவந்தார்கள்.

கடைசி நாள் வந்தது. மேலாளர் சுவர் முழுவதும் ஒருமுறை பார்த்துவிட்டு இயக்குநருக்குக் கடிதம் எழுதினார். ஏறக்குறைய எண்பதாயிரம் புத்தகங்களில் ஒன்றுகூட நகரவில்லை, பொறுப்பு முழுவதும் என்னுடையது. இதற்கும் சீட்டுப் போட வேண்டுமா என்று நூலகர் மெல்லக் கேட்டார்.

மேலாளர் வீட்டுக்கு ஃபோன் செய்தார். "என் பெட்டியை மட்டும் எடுத்து வை. பாப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்." ஃபோனை வைத்தார். கண் கலங்கியதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கேயும் சீட்டுதான்.

அப்போது கதவைத் தட்டும் சத்தம். அட்டெண்டர் அக்கா ஒரு காலித் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார்.

"மன்னிச்சிடுங்க சார், புத்தகமெல்லாம் அலமாரியோட எதிர் பில்டிங்குக்குப் போய்ப் பத்து நாளாச்சு, ஜனங்க வந்து படிச்சிட்டும் இருக்காங்க, மேல வர வேண்டாம்னு நீங்க எழுதி ஒட்டியிருந்ததால, இந்த ரூமை மட்டும்தான் விட்டு வெச்சிருக்கோம்."