தூக்கம் டிரைவர் கையில்

"இதை அமுக்குனா எனக்குத் தூக்கம் வருமா?"

அறுவை சிகிச்சைக் கட்டிலில் படுத்திருந்த சிவகுரு, கையிலிருந்த பொத்தானைச் செத்த எலிபோலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, ரிட்டயர் ஆகற வரைக்கும் ஊட்டி பஸ் ஓட்டுனவன் நான். தூக்கத்தை விரட்டறதுக்குத்தான் சம்பளமே வாங்குனேன். எங்கிட்டப் போயி இதைக் குடுக்கறீங்களே!"

"பயமா இருந்தா மட்டும் நீங்களே அமுக்கிக்கங்க, ஐயா," என்றாள் நர்ஸ் ரேணுகா. "கொஞ்சமா மருந்து ஏறும். படபடப்பு அடங்கி லேசாக் கண்ணு சொக்கும். அளவுக்கு மேல மெஷினே விடாது."

"பயமா? எனக்கா?"

பயமே இல்லாதவரின் ரத்த அழுத்தம் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி தொட்டபெட்டாவை நெருங்கிக்கொண்டிருந்தது. இதே அழுத்தத்தால் ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவர். அதற்குள் கண்ணில் புரை முற்றி, போன வாரம் கொடியில் காய்ந்த ஸ்வெட்டரை மருமகன் என்று நினைத்து அரைமணி நேரம் குசலம் விசாரித்தார். மருமகனைவிட ஸ்வெட்டர் பொறுமையாகக் கேட்டது என்பது வேறு விஷயம்.

கண்ணை மரத்துப்போகச் செய்து, அதை மட்டும் விட்டு முகத்தைத் துணியால் மூடினார்கள்.

"அசையாம வெளிச்சத்தையே பாருங்க," என்றார் டாக்டர் ராஜப்ரியா.

எதிரே வெளிச்சமா? சிவகுருவின் வலது கால் பிரேக்கை மிதித்தது. கட்டில் குலுங்கியது.

ஆயா மருதாயி ஓடிவந்து அந்தக் காலைப் பிடித்தாள். இடது கால் கிளட்சைத் தேடியது. அதையும் பிடித்தாள். கை நீண்டு, பக்கத்திலிருந்த சலைன் கம்பத்தைச் செகண்ட் கியருக்குத் தள்ளியது.

டாக்டர் பின்வாங்கினார். "பிரஷர் ஏறிட்டே போகுது. இப்படியே இருந்தா இன்னிக்கும் கண்ணுல கை வெக்க முடியாதுங்க."

"நான் தூங்கிட்டா வண்டியை யாரு பாத்துக்கறது?"

சொன்ன பிறகு சிவகுருவுக்கே வெட்கமாகிவிட்டது.

டாக்டர் சிரிக்கவில்லை. "வண்டி இப்ப என் கையில இருக்குதுங்க. உங்க பஸ்ஸுல வந்த சனங்க என்ன பண்ணுவாங்க?"

பஸ்ஸில் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் தெரிந்த முகங்கள் சிவகுருவுக்கு நினைவு வந்தன. பர்லியார் தாண்டி வளைவு வந்ததும், முன் சீட்டிலிருந்து கடைசி சீட்டுவரை ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும் கண்கள். அதைவிடப் பெரிய மரியாதையை எந்த மேனேஜரும் அவருக்குச் செய்ததில்லை.

"தூங்கிருவாங்க," என்றார் மெல்ல. "என்னைய நம்பி."

"நீங்களும் என்னை நம்பிப் பாருங்களேன்."

பெருவிரல் பொத்தானை அமுக்கியது. சற்றுப் பொறுத்து, இன்னொரு முறை. கால்கள் தளர்ந்தன. வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சிவகுரு பயணியானார்.

ஒற்றைக் கண்ணில் கட்டோடு வெளியே வந்தபோது, சக்கர நாற்காலியைத் தள்ளிய மருதாயியிடம் பெருமை பேசாமல் இருக்க முடியவில்லை அவருக்கு.

"டாக்டரம்மா கெட்டிக்காரிதான். இருந்தாலும் நம்ம பஸ்ஸுல சனங்க தூங்குனாங்க பாரு, அது மாதிரி வராது."

மருதாயி நாற்காலியை நிறுத்தினாள்.

"பர்லியாருல இருந்து தெனமும் உங்க வண்டியிலதானுங்க வேலைக்கு வந்தேன். நாங்க எங்கீங்க தூங்குனோம்? நீங்க ஓட்டுன ஓட்டுக்கு, பயத்துல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு சாமி கும்பிட்டுட்டு இருந்தமுங்க!"