சாய்வு நாற்காலியில் ஒரு சிலந்தி

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் கடிகார ரிப்பேர்க்காரர் அந்த வீட்டில் ஆண்ட ராஜ்ஜியம் ஒன்றே ஒன்றுதான். ஜன்னலோரச் சாய்வு நாற்காலி. பீரோ மனைவிக்கு, டிவி மாமியாருக்கு, கட்டிலில் முக்கால்வாசி மறுபடியும் மனைவிக்கு. அந்த ஜன்னலோரத்தின் மேலும் அவளுக்கு ஒரு கண். வெளிச்சம் நன்றாக விழுகிறதாம், தையல் மெஷின் போடத் தோதாம். "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது" என்று சொல்லி வைத்திருந்தார் மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பரோடு உட்காரப் போனால், நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவே வலை. வலைக்கு நடுவே கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சிலந்தி.

"தொடப்பத்தக் கொண்டா! இன்னைக்கு ஒண்ணு அது, இல்ல நான்!"

துடைப்பம் வந்தது. கூடவே மனைவியும் வந்தாள்.

"அடிங்க, வேணாங்கல. ஊரான் வீட்டுக் கடிகாரத்தையெல்லாம் கண்ணுல லென்ஸ மாட்டிப் பார்க்கறீங்க. இது கடவுள் செஞ்ச உசுரு. சாகறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ பார்த்துடுங்களேன்."

"பார்த்தா என்ன? பயந்துடுவேனா?"

அங்கேதான் சறுக்கினார். லென்ஸ் வழியாக ஒன்றைப் பார்த்துவிட்டால் அப்புறம் அதை நசுக்க அவருக்குக் கை வராது. தொழில் அப்படி. இது அவளுக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முதுகில் மஞ்சள் வெல்வெட், அதன்மேல் பொடிப்பொடியாய் வெள்ளிப் புள்ளிகள். எட்டுக் கண்ணும் கறுப்பு மணியாய் மின்னின. பின்னங்காலால் நூலை இழுத்தது, இடைவெளி பார்த்தது, ஒட்டியது, நகர்ந்தது. முப்பது வருஷமாக மயிரிழை ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுகிறவர். ஒருநாளாவது தன் கை இவ்வளவு சுத்தமாக ஓடியதுண்டா? லென்ஸ் நனைந்து மங்கியது.

"என்னங்க, அடிக்கலியா?"

"சும்மா இரு. அங்க வேலை நடக்குது."

"அப்ப உங்க நாற்காலி?"

"அதுக்கே இருக்கட்டும். ஒரு நூல் அறுந்தாலும் இந்த வீட்டுல நான் மனுஷனா இருக்கமாட்டேன். சத்தியம்!"

"உங்க இஷ்டம்" என்று துடைப்பத்தோடு போய்விட்டாள்.

ஒரு வாரம் தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். இடுப்பு போயே போய்விட்டது. இடமாவது கைவிட்டுப் போகவில்லையே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வந்தால், ஜன்னலோரத்தில் கடகடவென்று தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நாற்காலி எங்கடி?"

"கொல்லையில. நானும் என் தம்பியும் மூச்சுக்கூட விடாம தூக்கிட்டுப் போய் வெச்சோம். ஒரு நூல் அறுந்திருந்தா வந்து கேளுங்க."

ஓடினார். ஜன்னலுக்கு நேர் வெளியே, மதிலோரம் கிடந்தது அவர் ராஜ்ஜியம். லென்ஸை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. போதாக்குறைக்கு, வெளிக்காற்றில் ஆடும்போது வலை இன்னும் அழகாக வேறு இருந்தது. சண்டை போடக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டாளே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"வீட்டுக்குள்ள வாழ்ந்துட்டு இருந்தத எதுக்குடி வெளிய தள்ளின?"

ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது. "கொல்லையில இருந்ததுதாங்க. ஒரு குச்சியில ஏத்தி நாற்காலியில கொண்டாந்து விடறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குல்ல தெரியும்!"

அவர் லென்ஸைக் கழற்றிவிட்டு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். மூக்கின்மேல் ஒரு மழைத்துளி விழுந்தது.

மெஷின் நின்றது. ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு குடை நீண்டது.

"பிடிங்க. உங்களுக்கில்ல, அதுக்கு."