நாற்பத்தேழாம் பக்கத்தை உடனே அனுப்பவும்

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட பத்திரிகை ஆசிரியர் ஐயா சமூகத்துக்கு, தாயில்பட்டி ஆண்டிச்சாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. உங்கள் வீட்டில் பெரியவர், சின்னவர் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் பாதி சௌக்கியம். மீதிப் பாதி உங்கள் பத்திரிகையின் நாற்பத்தேழாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் திருத்திப் படிக்கவும், உங்களுக்கு அதுதானே வேலை. பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருசம் அட்டைப்பெட்டி மேல் லோடு போகிற ஊர்ப்பேர் எழுதி ஓய்ந்தவன். என் வீட்டுக்காரி ஞானசுந்தரி வீட்டிலேயே உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். அதற்குக் கம்பெனி வேனில் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். அதில் உங்கள் பத்திரிகையும் வரும். கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் தாள் நல்ல கெட்டி, குழாய்க்கு ஏத்த தாள் என்று ஊரே சொல்லும்.

அப்படி வந்த ஒரு இதழில் ஒரு அம்மா எழுதின கதை. ஒரு பொம்பளை. புருசன் காலையில் ஆபீசுக்குப் போனால் சாயந்திரம் வருகிறவரைக்கும் இவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தூரத்தில் ரயில் சத்தம் கேட்கும். பெருமூச்சு விடுவாள். இதுதான் கதை, அடிதடி கிடையாது. நாற்பத்தாறாம் பக்கத்துக் கடைசியில், "அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். அப்போது" என்று நிற்கிறது. அப்போது என்னய்யா? அடுத்த தாளை ஞானசுந்தரி முந்தின நாளே படிக்காமல் உருட்டிவிட்டாள். அந்தக் குழாய் வேன் ஏறி, மருந்து அடைத்து, லோடு போய், எந்த ஊரிலோ தீபாவளிக்கு டப்பென்று வெடித்தும் போயிற்று. உங்கள் கதையோட முடிவு புகையாப் போச்சு ஐயா. அன்னையிலிருந்து என் வீட்டில் புகை.

விருதுநகர் காலேஜில் பாடம் எடுக்கிற அனுப்பிரியா டீச்சர் எங்கள் அடுத்த வீட்டில் குடியிருக்கிறது. கதையை வாங்கிப் படித்துவிட்டு, "தாத்தா, உங்க முன்ரூம்ல ஞாயித்துக்கிழம ஒரு பெண்ணிய வாசிப்பு வச்சுக்கிடலாமா" என்று கேட்டது. எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம். புண்ணிய வாசிப்பு என்று விழுந்தது. மார்கழி பஜனை மாதிரி ஏதோ என்று நினைத்து, தாராளமா வைங்க தாயீ என்று சொல்லி, நானே கொண்டைக்கடலை ஊறப்போட்டுச் சுண்டலும் தாளிக்கச் சொன்னேன். பதினோரு பொம்பளை வந்தார்கள். சாமி படம் வைக்கப் போனேன், டீச்சர் அந்த இடத்தில் உங்கள் கதையை வைத்தது. படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வாசல்படிக்கு நகர்ந்துவிட்டேன்.

ஒவ்வொருத்தியாக "அப்போது" என்னன்னு சொல்லணுமாம். ஒருத்தி, புருசன் வந்து கதவைத் தட்டியிருப்பான் என்றாள். ஒருத்தி, பால் பொங்கியிருக்கும், அணைக்கத் திரும்பப் போயிருப்பாள் என்றாள். அதுக்கு யாரும் சிரிக்கவில்லை, சுண்டலைக் கூடத் தொடவில்லை. டீச்சர், கதையில் கதவு பூட்டியே இல்லை, அதைக் கவனிச்சீங்களா என்று கேட்டது. எனக்கு வாய் சும்மா இருக்காது. வாசல்படியில் நின்றபடி, எங்க வீட்டிலயும் பூட்டே கெடையாது, நாப்பத்திரண்டு வருசமாப் பூட்டினதில்ல, அடுப்படியில காத்து வரட்டும்னு நானே கூட நின்னு ஜன்னல் வச்சுக் குடுத்திருக்கேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஞானசுந்தரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பூட்டியிருந்தீகன்னா ஒடைக்கணும்னு தோணியிருக்கும். பூட்டாத வீட்டுக்குள்ளயே இருந்துட்டேனே, அதத்தான் இம்புட்டு நேரமா யோசிக்கேன்" என்றாள்.

ஐயா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து உப்பு, புளி, மழை தவிர வேறு பேசாத பொம்பளை. அதோடு விட்டாளா? ராத்திரிச் சோறு போடும்போது, நாக்பூருக்குப் போகணும் என்றாள். கையில் இருந்த உருண்டை தட்டிலேயே விழுந்தது.

"ஏளா, நாக்பூர்ல யாரு இருக்கா நமக்கு?"

"யாரும் இல்ல. அதுக்குத்தான்."

நாக்பூர் அவளுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தால் எல்லாம் நான் வைத்த வினை. இன்னைக்கு நாக்பூர் லோடு, இன்னைக்குக் கட்டாக் லோடு என்று தினம் வந்து அளந்திருக்கிறேன். இவள் அதையெல்லாம் மனசில் அடுக்கியிருக்கிறாள். இதுவரைக்கும் அவள் போன ஊரெல்லாம் கல்யாணம், காதுகுத்து, எழவு. ஏழாயிரம்பண்ணைக்கு எழவு, மல்லாங்கிணறுக்கு வளைகாப்பு. ஒரு வேலையும் இல்லாமல், ஒரு சொந்தமும் இல்லாத ஊருக்கு ஒரு தடவை போய் நிற்கணுமாம். யாரும் சாகாமல் யாராவது ஊருக்குப் போவார்களா, நீங்களே சொல்லுங்க. சீசனும் முடிஞ்சிருச்சு, குழாய் வேலை இருக்குன்னு மடக்கவும் வழியில்லை. கடைசியில், அந்தக் கதைப் பொம்பளை என்ன செஞ்சாளோ அதையே நானும் செய்யறேன் என்று சத்தியமே பண்ணிவிட்டாள்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். மன்னிக்கணும். சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற என் கூட்டாளி முனியசாமியிடம் போய், நாற்பத்தேழாம் பக்கத்தை நானே சொல்லச் சொல்ல அடித்து வாங்கினேன். "அப்போது அவள் மனம் திருந்தியது. கையை எடுத்தாள். மாலையில் கணவன் வந்தான். சுடச்சுடச் சோறும் கருவாட்டுக் குழம்பும் உண்டு இருவரும் இன்புற்றிருந்தார்கள். சுபம்." டீத்தண்ணியில் நனைத்துப் பழசாக்கி, கட்டிலுக்கு அடியில் கிடந்தது என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசிப்பில் கொடுத்தேன். பழக்கதோசத்தில் முனியசாமி மேலே பிள்ளையார் சுழி போட்டிருந்தான். அதைக்கூட அவர்கள் பெரிசாக எடுக்கவில்லை. டீச்சர் வாசித்து முடித்ததும், பின்வீட்டு முனியராஜ் சம்சாரம் லட்சுமிகாந்தம் என் பக்கம் திரும்பினாள்.

"காலையில இருந்து அவ ஜன்னல்லயே நிக்கா. கருவாட்ட யாரு கழுவுனா மாமா?"

"கதையில வந்ததுக்கு என்னய ஏன் கேக்க?"

"பெறகு யாரக் கேக்க? எழுதுன ஆளத்தான கேக்கணும்."

ஞானசுந்தரி சொன்னாள், "சோறு தானா வெந்துருக்குன்னு வாசிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது நம்ம வீட்டுக் கைதான்னு." பதினோரு பேரும் சிரித்த சிரிப்பில் நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியேறினேன். ஒரு பக்கம் முழுக்க எழுதி ஒரு குழம்பில் மாட்டினவன் நான் ஒருத்தன்தான்.

ஆகையால் ஆசிரியர் ஐயா, அந்த இதழை எங்கேயாவது தேடி, நாற்பத்தேழாம் பக்கத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பவும். அவள் போகவில்லை என்று இருந்தால் இன்றைக்கே அனுப்பவும். போய்விட்டாள் என்று இருந்தால் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றி அனுப்பவும். பிழை திருத்துகிறவர் நீங்கள், உங்களுக்கு ஒரு வரி பெரிசா? அவள் துணிப்பை கட்டி வைத்துவிட்டாள். பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. வாசலுக்குப் போகும்போதெல்லாம் என் தோளில் இடிக்கிறது.

உங்கள் பத்திரிகை நூறு வருசம் ஓடட்டும், கதை எழுதுகிற பொம்பளைகளுக்கு மட்டும் கை கொஞ்சம் வலிக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உறக்கம் கெட்ட
ஆண்டிச்சாமி

பின்குறிப்பு: மேலே கண்ட கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி ஞானசுந்தரி கையிலேயே கொடுத்துவிட்டேன். ஒட்டாமல் கொடுத்தது என் தப்பு. படித்துவிட்டு, அந்தத் தாள் வர்றவரைக்கும் எனக்குப் பொறுமை இல்ல என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை லட்சுமிகாந்தத்தோடு வடக்கே போகிற ரயிலில் ஏறிவிட்டாள். நேற்று நாக்பூரிலிருந்து போன் பேசினாள். "இங்கன ஒரு மனுசனுக்கும் நம்மளத் தெரியல" என்றாள். இம்புட்டு சந்தோசமா அவள் பேசி நான் கேட்டதில்லை. மூணு நாளாக நான்தான் சோறு பொங்குகிறேன். அது வேகிறவரைக்கும் அடுப்படியில் நின்றுதான் ஆகணும் போல. சரி, நான் வைத்த ஜன்னல்தானே, வேடிக்கை பார்க்கலாம் என்று திறந்தேன். நேர் எதிரே முனியராஜ் வீட்டுச் சுவர். கை நீட்டினால் இடிக்கிறது. எழுப்பி எட்டு வருசம் ஆச்சாம், அவன்தான் சொன்னான். எனக்குத் தெரியாது. ஆகையால் நாற்பத்தேழாம் பக்கத்தை எந்த வரியையும் மாற்றாமல் அனுப்பவும். விலாசத்தில் என் பெயர் வேண்டாம், ஞானசுந்தரி என்று போடவும்.